குளிர்ந்த விதம்: பழவேற்காட்டு வலையும் பாலிமரின் படிகமும்

1

பழவேற்காடு ஏரியைப் பற்றிப் பேச ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடினோம். வழக்கம்போல இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டோம். “நைலான் வந்துது, ஏரி செத்துது. அவ்வளவுதான்” என்றார் ஒரு தோழர். “வலை வெறும் கருவி. ஏரியைக் கொல்வது முகத்துவாரம் தூர்ந்துபோவதும், தெற்கே துறைமுகங்களும், அனல்மின் நிலையமும்தான். மீனவன் தலையில் பழியைத் தூக்கிப் போடாதீர்கள்” என்றார் இன்னொருவர். இருவரிடமும் அரசியல் இருந்தது, கோபம் இருந்தது. ஆனால் நைலான் என்றால் என்ன என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. எனக்கும் எழவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவன். பிரதிக்குள் இருக்கும் கட்டமைப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். கையில் பிடித்திருக்கும் நூலின் கட்டமைப்பு பற்றி ஒரு வரி தெரியாது.

அடுத்த நாள் குப்பத்தில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அவர் கால்மாட்டில் இரண்டு வகை வலை கிடந்தது. ஒன்று முறுக்கு நூலில் நெய்தது, வெள்ளையாக, தொட்டால் துணிபோல. இன்னொன்று ஒற்றை இழை, கண்ணாடிபோல. அதை நரம்பு வலை என்றார். வடக்கு இலங்கையில் இதற்குத் தங்கூசி வலை என்று பெயர். அங்கே சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது.

“ரெண்டும் நைலான்தானே, பெரியவரே?” என்று கேட்டேன்.

“பேரு ஒண்ணுதான் தம்பி. குணம் வேற. இது கிழிஞ்சா பொத்தலாம். அது கிழிஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். இது ராவுல வுடற வலை. அது பகல்லயும் புடிக்கும், மீனுக்குத் தெரியாது.”

பேரு ஒண்ணு, குணம் வேற. வேதியியல் புத்தகத்தில் பார்த்தாலும் இரண்டும் ஒரே மூலக்கூறுதான். பெரும்பாலும் நைலான் 6. அப்படியானால் இந்தக் குணவேறுபாடு எங்கிருந்து வருகிறது? பதில் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பொருளுக்கு ‘சாராம்சம்’ என்று ஒன்று இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பாலிமர் விஷயத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. மூலக்கூறின் அமைப்பு பாதிதான் சொல்கிறது. மீதியைச் சொல்வது அது குளிர்ந்த விதம்.

2

முதலில் படிகம். உப்பளத்தில் வெயில் மெல்ல நீரை உறிஞ்சும்போது உப்பு கட்டம் கட்டமாக விளைகிறது. கற்கண்டு நாள்கணக்கில் நூலைப் பற்றி வளர்கிறது. இவற்றில் அடுக்கப்படும் உறுப்புகள் சிறியவை. செங்கல்லைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக உட்கார்ந்துவிடும்.

பாலிமர் அப்படியல்ல. அது ஆயிரக்கணக்கான சிறு கண்ணிகள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. இன்று பள்ளிப் பாடமாக இருக்கும் இந்தச் செய்தியை 1920இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஸ்டாடிங்கர் சொன்னபோது சக விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்க முடியாது, சிறு மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல்தான். அதற்குள் சங்கிலி ஆலைக்குள் வந்துவிட்டிருந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935 பிப்ரவரியில் நைலான் 66ஐ உருவாக்கினார். 1937இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். தன் நூல் சந்தைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1938இல் ஜெர்மனியின் பால் ஷ்லாக் வேறொரு வழியில் நைலான் 6ஐக் கண்டார். பெண்களின் காலுறையாக வந்த நைலான், உலகப் போரில் பாராசூட் ஆயிற்று. போர் முடிந்தபின் வலையாயிற்று. 1950களின் இறுதியிலும் 60களிலும் நம் கரைகளுக்கு வந்தது. பருத்தியும் சணலும் பின்வாங்கின.

இனி, நீண்ட சங்கிலிகள் எப்படிப் படிகமாகும்? உருகிய நிலையில் அவை ஒரு பானை இடியாப்பம்போலப் பின்னிக்கிடக்கின்றன. குளிரும்போது ஒவ்வொன்றும் பக்கத்துச் சங்கிலியோடு இணைகோடாக நிற்கப் பார்க்கும். ஆனால் ஒரு முனை இங்கே மாட்டியிருக்கும், நடுப்பகுதி வேறெங்கோ சிக்கியிருக்கும். முழுவதும் ஒழுங்குபட முடியாது. ஆகவே பாலிமர் எப்போதும் பாதிப் படிகம்தான். ஒழுங்காக அடுக்கப்பட்ட பகுதிகள், அவற்றுக்கிடையே ஒழுங்குபடாத பகுதிகள். பலம், விறைப்பு, வெப்பம் தாங்குதல் எல்லாம் பெரும்பாலும் முதல் வகையிலிருந்து வருகின்றன. வளைதல், இழுபடுதல், முறியாமல் அடி தாங்குதல் எல்லாம் இரண்டாம் வகையின் கொடை.

எந்த விகிதத்தில், எவ்வளவு பெரிய கொத்துகளாக என்பதை முடிவு செய்வதில் குளிரும் வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இதற்கு நம் அடுப்படியிலேயே உதாரணம் இருக்கிறது. உருக்கிய நெய்யை ஓரமாக வைத்து மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். அதையே சட்டென்று குளிர்ப்பெட்டியில் வைத்தால் வழவழவென்று மெழுகுபோல உறையும். ஒரே நெய்தான். மெல்ல ஆறும்போது சில இடங்களில் மட்டும் படிகக் கரு தோன்றுகிறது. ஒவ்வொரு கருவும் நிதானமாக வளர்ந்து பெரிய மணலாகிறது. சட்டென்று குளிரும்போது எண்ணற்ற கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றி, ஒன்றை ஒன்று வளரவிடாமல் நெருக்கிவிடுகின்றன.

பாலிமரில் இதோடு இன்னொரு விஷயமும் சேர்கிறது. நைலான் 6 ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்குச் சற்றுக் கீழே சங்கிலிகள் தாராளமாக நகரும்; ஆனால் தோன்றும் கரு நிலைக்காது, வெப்பம் அதைக் கலைத்துப்போடும். மாறாக, உலர்ந்த நைலான் ஏறக்குறைய 50 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் சங்கிலி அசைய முடியாமல் விறைத்துவிடும். கரு தோன்ற ஆசை உண்டு, போய்ச் சேரக் கால் இல்லை. ஆக, மிகச் சூட்டிலும் படிகம் வளராது, மிகக் குளிரிலும் வளராது. நடுவில் ஒரு வெப்பநிலையில்தான் வேகம் உச்சம். அந்த நடுப்பகுதியை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்பதுதான் கேள்வி. மெல்லக் கடந்தால் பெரிய படிகக் கொத்து. பாய்ந்து கடந்தால் சின்னஞ்சிறு கொத்துகள், அல்லது கொத்தே இல்லாத உறைவு.

3

வேகம் மட்டும் போதாது. சங்கிலி அடுக்கப்படத் தகுதியுள்ளதாகவும் இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டாம். பழவேற்காட்டுப் படகுத்துறையில் அரைமணி நேரம் நின்றால் போதும். எல்லா வகைச் சங்கிலியும் அங்கே கிடக்கிறது.

இறாலும் நண்டும் ஐஸோடு போகும் வெள்ளைத் தெர்மகோல் பெட்டி பாலிஸ்டைரீன். அதன் சங்கிலியில் கனமான வளையங்கள் தொங்குகின்றன, இடமும் வலமுமாக, எந்த முறையும் இல்லாமல். அடுக்க முடியாது. எவ்வளவு பொறுமையாகக் குளிர்வித்தாலும் படிகம் ஆகாது. இங்கே குளிர்ச்சிக்கு வேலையே இல்லை. அமைப்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மெல்லிய கேரி பேக், அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன். 1933இல் இங்கிலாந்தில் மிகை அழுத்தத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருளின் வம்சம். சங்கிலியிலிருந்து கிளைகள் பிரிகின்றன. கருவேலங் கிளைகளைக் கட்டுக் கட்டுவதைப்போல நெருக்கி அடுக்க முடிவதில்லை. ஏறத்தாழப் பாதிதான் படிகம். அதனால் மெதுமை. டீசல் கொண்டுபோகும் கேனும் அதே எத்திலீன்தான். ஆனால் 1953இல் கார்ல் ஸீக்லர் கண்ட வழியில் கிளையில்லாமல் கோக்கப்பட்டது. மூங்கில்கழிபோல நெருக்கமாக அடுக்கலாம். முக்கால் பாகம்வரை படிகம். அதனால் விறைப்பு.

நீலக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். இதன் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சிறு பக்க உறுப்பு. எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் சங்கிலி சுருள்படிக்கட்டுபோல ஒழுங்காகச் சுற்றிப் படிகமாகும், கயிறாகும். தாறுமாறாக இருந்தால் பிசின்தான், எதற்கும் ஆகாது. இந்த ஒழுங்கை 1954இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா சாதித்தார். ஸீக்லருக்கும் அவருக்கும் 1963இல் நோபல் கிடைத்தது. எண்ணிக்கையில் ஒரே அணுக்கள், ஒரே இணைப்புகள். பக்கம் மாறினால் கயிறு பிசினாகிறது.

குடிநீர் பாட்டில் வேறு கதை. அதன் பாலியெஸ்டர் சங்கிலியில் விறைத்த வளையங்கள் உண்டு. அடுக்கத் தகுதியுண்டு, ஆனால் சோம்பேறி. விரைந்து குளிர்வித்தால் படிகமாகாமல் கண்ணாடிபோல நிற்கும். மெல்ல ஆறவிட்டால் வெளுத்து ஒளிபுகாமல் போகும். இங்கே அமைப்பு வாய்ப்பைத் தருகிறது, குளிர்ச்சி முடிவு செய்கிறது.

கரையேற்றி நிற்கும் ஃபைபர் படகு, 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகக் கரையெங்கும் வந்து நிறைந்த வகை. அதன் பிசினில் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துவிட்டன. ஒழுங்குபடவும் முடியாது, மறுபடி உருகவும் முடியாது. உடைந்தால் மண்ணில் கிடக்க வேண்டியதுதான். கிடக்கிறது.

கடைசியில் நைலான். அதன் சங்கிலியில் சீரான இடைவெளியில் அமைடு கூட்டங்கள் இருக்கின்றன. ஒரு சங்கிலியின் ஹைட்ரஜன் பக்கத்துச் சங்கிலியின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்ளும். சட்டையின் பொத்தான் வரிசைபோல ஒன்றுவிடாமல் மாட்டிக்கொண்டால் படிகம். அதனால்தான் பாலிஎத்திலீனைவிட ஏறக்குறைய நூறு டிகிரி அதிகமாகச் சூடேற்றினால்தான் உருகுகிறது. ஆனால் ஒழுங்குபடாத பகுதியில் பொத்தான்கள் மாட்டாமல் நிற்கின்றன. அங்கே தண்ணீர் நுழைந்து ஒட்டிக்கொள்ளும். படிகத்துக்குள் தண்ணீருக்கு அனுமதி இல்லை. நனைந்த நைலான் மெத்தென்று ஆவதும் உலர்ந்தால் விறைப்பதும் இதனால். “தண்ணி குடிச்சப்புறம்தான் இது வலை” என்று பெரியவர் சொன்னது வேடிக்கைப் பேச்சல்ல.

4

இப்போது அந்த இரண்டு வலைக்குத் திரும்பலாம். பழவேற்காட்டுக்கும் சென்னைக்கும் நடுவே மணலி. 1970களில் அங்கே நைலான் டயர் நூல் ஆலை வந்தது. லாரி டயருக்குள் ஓடும் நூலும், குப்பத்து முறுக்கு நூலும், நரம்பும் ஒரே மாதிரியான வெள்ளை மணியிலிருந்து பிறக்கலாம். பிறப்பு ஒன்று, வளர்ப்பு வேறு.

மணிகளை உருக்கி, துளையிட்ட தகட்டின் வழியே பிழிகிறார்கள். முறுக்கு நூலுக்கு நுண்ணிய துளைகள் பல. தலைமயிரைவிட மெல்லிய இழைகள் காற்று வீச்சில் நொடிக்கும் குறைவான நேரத்தில் குளிர்ந்துவிடுகின்றன. பிறகு பல இழைகளைச் சேர்த்து முறுக்குகிறார்கள். கடையில் ‘இருநூத்திப்பத்து’ என்று கேட்டு வாங்குகிறார்களே, அது 210 டெனியர்: 9000 மீட்டர் இழையின் எடை 210 கிராம் என்று பொருள். அதை எத்தனை புரி முறுக்கியது என்பது அடுத்த எண்.

நரம்புக்கு ஒற்றைத் தடித்த இழை. காற்றில் விட்டால் வெளிப்புறம் ஆறும், உள்ளே சூடு நிற்கும். அந்த நடுப்பகுதி வெப்பநிலையில் சற்று அதிகமாகத் தங்கினாலும் போதும், உள்ளே உருண்டைப் படிகக் கொத்துகள் வளர்ந்துவிடும். ஸ்பெருலைட் என்று இதற்குப் பெயர். ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிதாக வளர்ந்த கொத்து ஒளியைச் சிதறடிக்கும், நரம்பு பால்வெள்ளையாகும். அதோடு, அடுத்து இழுக்கும்போது அந்த இடத்தில் அறும். ஆகவே பிழிந்த உடனே தண்ணீர்த் தொட்டியில் முக்குகிறார்கள். படிகம் யோசிப்பதற்குள் உறைந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சூட்டில் வைத்துப் பல மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். பின்னிக்கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அப்போதுதான், இழுபட்ட வரிசையிலேயே, படிகமாக அனுமதிக்கிறார்கள். முதலில் தடுத்து, பிறகு தாங்கள் விரும்பும் திசையில் மட்டும் அனுமதிப்பது. இதுதான் நரம்பின் பலம். முடிச்சு நழுவாமலிருக்க வலையை மறுபடி சூட்டில் இழுத்து நிறுத்துகிறார்கள். அங்கேயும் சங்கிலிகள் இடம் மாறி அமர்கின்றன.

ஆக, மீனுக்கு வலை தெரியாமல் போவது நைலானின் இயல்பல்ல. ஒரு தண்ணீர்த் தொட்டியின் வெப்பநிலை செய்யும் வேலை. தொட்டி கொஞ்சம் சூடாக இருந்திருந்தால் அந்த நரம்பு மங்கலாக வந்திருக்கும்.

“கலங்கத் தண்ணியில எதப் போட்டாலும் ஒண்ணுதான். தண்ணி தெளிஞ்சா நரம்புதான் ராஜா” என்றார் பெரியவர். கண்ணுக்குத் தெரியும் நூல்வலைக்கு இரவு தேவைப்பட்டது. பகலில் மீனுக்கு ஓய்வு இருந்தது. அந்த ஓய்வை எடுத்துக்கொண்டது யார்? மீனவனின் பேராசை என்று நாம் எழுதுகிறோம். தொட்டியின் வெப்பநிலையைப் பற்றி எழுதுவதில்லை.

5

படிகத்துக்குள் சங்கிலி எப்படி இருக்கிறது என்பது பற்றி ஒரு பெரிய சண்டை நடந்தது. கோட்பாட்டு விவாதங்களில் ஆர்வமுள்ள நம் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

1930களில் இருந்த சித்திரம் எளிமையானது: துடைப்பக்கட்டுபோல. கட்டிய இடம் படிகம், விரிந்த முனைகள் ஒழுங்கற்ற பகுதி. ஒரு சங்கிலி பல கட்டுகளின் வழியே போகும். 1957இல் பிரிஸ்டலில் ஆண்ட்ரூ கெல்லர், கரைசலிலிருந்து மெல்லப் படியவைத்த பாலிஎத்திலீனை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். மிக மெல்லிய தகடுகள். கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே. ஆனால் சங்கிலி தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறது, அதன் நீளமோ தகட்டின் கனத்தைப்போலப் பல மடங்கு. அப்படியானால் ஒரே வழிதான்: சங்கிலி மேலே போய், மடங்கி, கீழே வந்து, மறுபடி மடங்கி, சேலையைக் கொசுவுவதுபோல அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பால் ஃப்ளோரி ஒப்புக்கொள்ளவில்லை. கரோதர்ஸிடம் வேலை பார்த்தவர், 1974இல் நோபல் பெற்றவர். உருகிய நிலையில் அப்படிப் பின்னிக்கிடக்கும் சங்கிலி, அத்தனை அவசரத்தில் எப்படித் தன்னை மட்டும் பிரித்தெடுத்து நேர்த்தியாக மடித்துக்கொள்ளும் என்று கேட்டார். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ஒயர்களைப்போல, ஓரிடத்தில் வெளியே வந்து எங்கோ ஓரிடத்தில் நுழையும் என்பது அவர் கட்சி. 1979இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஃபாரடே விவாதக் கூட்டத்தில் இரு தரப்பும் நேருக்குநேர் மோதின. நியூட்ரான் சிதறல் ஆய்வுகள், உருகலிலிருந்து விரைந்து உறைந்த சங்கிலியின் மொத்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியிருந்தன. இன்றைய புரிதல் இரண்டுக்கும் இடம் தருகிறது: கரைசலிலிருந்து மெல்லப் படியும்போது மடிப்பு நேர்த்தியாக இருக்கிறது, உருகலிலிருந்து விரைந்து உறையும்போது தாறுமாறு கூடுகிறது. எந்தச் சித்திரம் சரி என்பதே குளிர்ந்த விதத்தைப் பொறுத்தது.

இரண்டு செய்திகளை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தகட்டின் கனம் உறைந்த வெப்பநிலையைப் பொறுத்தது. அதிகச் சூட்டில் மெல்ல உறைந்தால் கனத்த தகடு, குறைந்த சூட்டில் விரைந்தால் மெல்லிய தகடு. பொருள் தன் வரலாற்றைத் தன் உடம்பில் வைத்திருக்கிறது. இரண்டு, ஒரு தகட்டிலிருந்து கிளம்பி அடுத்த தகட்டில் நுழையும் சங்கிலிகள் உண்டு. அவை இல்லையென்றால் தகடுகள் சீட்டுக்கட்டுபோல உதிர்ந்துவிடும். பலம் படிகத்தில் மட்டுமல்ல, எந்தப் படிகத்துக்கும் முழுக்கச் சொந்தமில்லாத இந்த இடைச்சங்கிலிகளிலும் இருக்கிறது. இதை உடனே சமூகத்துக்கு உவமையாக்கும் ஆசை எனக்கும் வருகிறது. அடக்கிக்கொள்கிறேன். நூல் நூலாகவே பேசட்டும்.

6

வலை ஆலையிலிருந்து வெளிவந்ததோடு கதை முடியவில்லை. அது கரையிலும் மாறிக்கொண்டே இருக்கிறது.

பருத்தி வலைக் காலத்தில் வெயில் நண்பன். நனைந்த வலை மக்கும். ஒவ்வொரு நாளும் மணலில் விரித்துக் காயவைக்க வேண்டும். அவ்வப்போது துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்துச் சாயம் ஏற்ற வேண்டும். வீட்டுப் பெண்கள், வயதானவர்கள், சிறுவர்கள் எல்லோருக்கும் அந்த வேலையில் பங்கு. நைலான் மக்காது. சாறும் வேண்டாம், காய்ச்சலும் வேண்டாம். ஆனால் வெயில் எதிரி ஆகிவிட்டது. பழைய பழக்கத்தில் மணலில் விரித்துப்போட்டால் நூல் பொரியும். தலைமுறை தலைமுறையாகக் கையில் வந்த அறிவு ஒரே தலைமுறைக்குள் தலைகீழானது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை எந்த வளர்ச்சி அறிக்கையும் இழப்புக் கணக்கில் எழுதவில்லை. அது விடுதலையும்தான், சாற்றுப் பானை முன் வெந்த கைகளைக் கேட்டால் அப்படித்தான் சொல்லும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வெயில் என்ன செய்கிறது? புறஊதா ஒளியும் ஆக்ஸிஜனும் நெருக்கமாக அடுக்கிய படிகத்துக்குள் எளிதில் புகுவதில்லை. ஒழுங்குபடாத பகுதியிலும் இடைச்சங்கிலிகளிலும்தான் வெட்டு விழுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் சும்மா இருப்பதில்லை. இதுவரை பின்னலில் மாட்டியிருந்ததால் ஒழுங்குபட முடியாமலிருந்தவை, விடுபட்டதும் பக்கத்துப் படிகத்தில் போய் அடுக்கிக்கொள்கின்றன. நீலக் கயிற்றின் பாலிப்ரொப்பிலீனில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. பழங்கயிறு புதுக்கயிற்றைவிட அதிகப் படிகத்தன்மை கொண்டதாக ஆகிறது. மேற்பரப்பு சுருங்கி விரிசல் விடுகிறது. கையில் கசக்கினால் நீலப்பொடி. முதுமை என்றால் ஒழுங்கு குலைவது என்று நினைக்கிறோம். இங்கே ஒழுங்கு கூடிக் கூடித்தான் பொருள் நொறுங்குகிறது.

அந்தப் பொடி எங்கே போகிறது? பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். நைலான் கனம், மூழ்கும். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். சேற்றில் மாட்டி அறுந்த நரம்பு வலை அங்கேயே கிடக்கிறது. வெயிலும் அதிகம் எட்டாத சேற்றில் அதன் படிகம் பத்திரமாக இருக்கிறது. யாரும் இழுக்காமலே நண்டைப் பிடிக்கிறது, பிடித்தது செத்து அழுகுகிறது. பேய் வலை என்பது இதைத்தான். தமிழக அரசு 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது கேரி பேக்கும் கப்பும் பட்டியலில் வந்தன. ‘பிளாஸ்டிக்’ என்ற ஒற்றைச் சொல் தெர்மகோலையும் நரம்பையும் கயிற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஒவ்வொன்றும் வேறுவிதமாகப் பிறந்து வேறுவிதமாகச் சாகிறது என்பது அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

7

மக்கும் வலை சாத்தியமா? சாத்தியம்தான். தென்கொரியாவில் 2007 முதல் பாலிபியூட்டிலீன் சக்சினேட் கலந்த வலைகளை மீனவர்களுக்கு வழங்கியிருக்கிறார்கள். நுண்ணுயிர் அந்தச் சங்கிலியைத் தின்னும். அதுவும் முதலில் ஒழுங்குபடாத பகுதியைத்தான் தின்கிறது. படிகம் கூடினால் மக்குதல் தாமதமாகும். நார்வேயில் இத்தகைய வலைகளைச் சோதித்தபோது நைலானைவிடக் குறைவாகவே மீன் கிடைத்தது. இக்கட்டு புரிகிறதல்லவா? மீனவனுக்கு வலை உறுதியாக இருக்க வேண்டும், ஏரிக்கு அது சீக்கிரம் சாக வேண்டும். இரண்டையும் தீர்மானிப்பது ஒரே கணக்கு: எவ்வளவு படிகம், எந்தத் திசையில், எவ்வளவு பெரிதாக. நடுநிலையான பதில் விஞ்ஞானத்தில் இல்லை. குறையும் மீனின் நஷ்டம் யாருக்கு என்பது வேதியியல் கேள்வியல்ல.

இங்கேதான் பாடு என்ற ஏற்பாடு நினைவுக்கு வருகிறது. பாடு என்றால் தமிழில் இடம், முறை, உழைப்பு, துன்பம் எல்லாம்தான். பழவேற்காட்டில் அது மீன்பிடி முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள், முகத்துவாரத்தை ஒட்டிய இறால் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். எந்த இடம், யார் முறை, எந்த வலை என்று ஊர் கூடி முடிவெடுக்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே உண்டு. இதை நாம் ரொமான்டிசைஸ் செய்ய வேண்டாம். பாடு பட்டினவர் குப்பங்களின் உரிமையாகவே இருந்திருக்கிறது. தலித் மீனவர்கள் அதற்கு வெளியே. வலையே இல்லாமல், ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அதற்கும் வெளியே. பேய் வலையும் நீலப்பொடியும் கிடக்கும் சேற்றில் நேரடியாகக் கை வைப்பவர்கள் அவர்கள்தான். வலையைப் பற்றி எடுக்கும் எந்த முடிவிலும் வலையில்லாதவர்களுக்குத்தான் முதல் பேச்சு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கூட்டத்தில் சண்டை போட்ட இரண்டு நண்பர்களுக்கும் இதுதான் பதில். நைலான் ஏரியைக் கொல்லும் சாத்தான் அல்ல, அதற்குச் சாராம்சம் இல்லை. அது வெறும் கருவியும் அல்ல. எங்கோ ஓர் ஆலையில், தொட்டித் தண்ணீரை எத்தனை டிகிரியில் வைப்பது, எத்தனை மடங்கு இழுப்பது என்று யாரோ எடுத்த முடிவு அதில் உறைந்திருக்கிறது. பொத்தக்கூடியதா, எறியவேண்டியதா, பகலில் பிடிப்பதா, இரவுக்குக் காத்திருப்பதா என்பதெல்லாம் அந்த முடிவுக்குள் அடக்கம். துறைமுகத்தையும் அனல்மின் நிலையத்தையும் கேள்வி கேட்பதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. அங்கேயும் யாரோ எடுத்த முடிவுதான் உறைந்து நிற்கிறது. ஊர் கூடி இடத்தையும் முறையையும் பேசுகிறவர்கள், பொருளையும் பேச முடியும். அதற்குத் தேவையான அறிவு பாதி அவர்கள் விரலில் இருக்கிறது. மீதியைத் தமிழில் எழுதிக் கொடுப்பது நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடிய வேலை.

கிளம்பும்போது பெரியவரிடம் தண்ணீர்த் தொட்டி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நரம்பை விரலில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ அந்தத் தொட்டிக்காரங்கிட்டச் சொன்னா, கொஞ்சம் தெரியற மாதிரி செஞ்சு குடுப்பானா?” என்று கேட்டார்.

செய்ய முடியும் என்று சொன்னேன். செய்வார்களா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.